ஏழாவது பலகை

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவன். எழுதிப் பழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருத்தி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். கையில் எடைப் பலகைப் பெட்டி. நான் செய்ததுதான். பைன் மரத்தில் ஏழு பலகை இருக்கிறது, பலாவில் ஏழு இருக்கிறது, ஈட்டி மரத்தில் மட்டும் ஆறு இருக்கிறது, ஒன்று தொலைந்துபோயிற்றா என்று கேட்டாள். தொலையவில்லை, ஆறுதான் என்றேன். அவள் நம்பவில்லை. இப்போதெல்லாம் கம்பெனியிலிருந்து பெட்டி வருகிறதாம். எண்ணிக்கை எல்லாம் சரியாக இருக்கிறதாம். சரி, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிக்கு அளவு முக்கியம் இல்லை. லாரியில் அடுக்கினால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சித்தப்பா கொடைக்கானலில் பங்களாக்களுக்குக் கதவு, ஜன்னல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூப்பிட்டார், மலை ஏறினேன். அவரிடம் நான்கு வருடம். பிறகு மிஷன் பள்ளி ஒன்றில் நிரந்தரமாகத் தச்சன் வேலை கிடைத்தது.

அது நான் படித்த மாதிரிப் பள்ளி இல்லை. பெஞ்சு கிடையாது. மூன்று வயதுப் பிள்ளை முதல் தரையில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்ளும். சுற்றிலும் தாழ்வான அலமாரி. எந்தச் சாமானை எடுப்பது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று பிள்ளையே முடிவு செய்யும். பெரியவர்கள் சும்மா இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது இதைச் சொன்னார்கள். பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

முதல் நாள் அலமாரிக்கு அளவெடுக்க உள்ளே போனேன். மூன்றரை வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை நிஜக் கத்தியை வைத்துக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தது. நான் கத்தியைப் பிடுங்கப் போனேன். குறுக்கே ஒரு கை வந்தது. வகுப்பை நடத்தும் டெய்சி மிஸ். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

கத்தி என்றேன்.

"அது அவ சோலி. உங்க சோலி அலமாரி."

அன்றே ஒரு பையன் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டான். சிதறியது. நான் அடி விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் டம்ளர் உடைந்தால் முதுகு வீங்கும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பையன் போய்ச் சின்ன விளக்குமாறும் முறமும் எடுத்து வந்தான். மிஸ் பக்கத்தில் நின்று, செருப்புப் போட்டிருக்கிறானா என்று மட்டும் பார்த்தார். அவன் கூட்டினான். வேறு டம்ளர் எடுத்தான். நான் எடுத்த அளவெல்லாம் மறந்துபோய்விட்டது. திரும்ப முதலிலிருந்து அளந்தேன்.

அங்கே தப்பைச் சொல்லிக் காட்ட ஆள் கிடையாது. சாமானே சொல்லிவிடும். ஒரு கட்டையில் பத்துக் குழி, பத்து உருளை. ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. பிள்ளை தானே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும். அதனால் சாமானில் தப்பு இருக்கக் கூடாது. இதை எனக்குப் புரியவைக்க டெய்சி மிஸ் ஒரு வருடம் எடுத்துக்கொண்டார். நான் செய்த கட்டையை மேஜையில் வைத்து, மூலைமட்டத்தை ஒட்டிப் பிடித்து, இடையில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்ப்பார். காகிதம் போனால் கட்டை திரும்பி வரும். ஒரு முறை ஒரே கட்டை மூன்று தடவை திரும்பி வந்தது. பிள்ளைங்க விளையாடுறதுதான மிஸ் என்றேன். அவர் கட்டையை என் கையில் வைத்தார்.

"இது கட்டை இல்ல ஞானமுத்து. உங்க அவசரம். இதை வச்சுப் பிள்ளை என்ன கத்துக்கும்?"

பிறகு ஒரு விதி சொன்னார். பிள்ளைக்கு ஒன்று சரியாக வரவில்லை என்றால் முதலில் சாமானைப் பார்க்க வேண்டும். அடுத்து நம்மைப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து வருடத்தில் என் கை திருந்தியது. நான் கொண்டுபோவதைக் காகிதம் செருகிப் பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டார். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

எடைப் பலகைப் பெட்டி செய்தது அந்தக் காலத்தில். உள்ளங்கை அளவுப் பலகை. கால் அங்குலக் கனம். எல்லாம் ஒரே அளவு, ஒரே வழுவழுப்பு. மரம் மட்டும் வேறு. பைன் இலேசு, வெளிர் நிறம். பலா நடுத்தரம், மஞ்சள். ஈட்டி கனம், கருப்பு. ஒவ்வொன்றிலும் ஏழு. பிள்ளை கண்ணைத் துணியால் கட்டிக்கொள்ளும். இரண்டு கையிலும் விரல் நுனியில் ஒவ்வொரு பலகையை ஏந்தி, மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்க்கும். எடை பார்த்து மூன்று அடுக்காக வைக்கும். முடிந்ததும் துணியை அவிழ்க்கும். ஒரு அடுக்கில் எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் தப்பு எது என்று நிறமே காட்டிவிடும்.

ஈட்டி மரம் சுலபத்தில் கிடைக்காது. ஒரு பழைய பங்களாவில் உடைந்த கட்டிலின் கால் ஒன்று கிடைத்தது. அதில் ஆறு பலகை தேறியது. ஏழாவதில் கணு. இழைக்கும்போது இரண்டாகப் பிளந்தது. திங்கட்கிழமை பள்ளி திறப்பு. மிஸ் மதுரைக்குப் போயிருந்தார். என்னிடம் ஒரு தேக்குத் துண்டு கிடந்தது. அளவுக்கு அறுத்து, உப்புத்தாள் போட்டு, அரக்குப் பாலீஷில் கருப்புச் சாயம் கலந்து நான்கு கை பூசினேன். மற்ற ஆறோடு சேர்த்து வைத்தேன். எனக்கே எது என்று தெரியவில்லை. எடை வித்தியாசம் தெரியுமே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று பெட்டியை மூடினேன்.

மிஸ் பெட்டியைத் திறந்து ஒரு தடவை பார்த்தார். நல்லாருக்கு ஞானமுத்து என்று அலமாரியில் வைத்துவிட்டார்.

அந்த வருடம் பள்ளிக் கமிட்டியில் ஒரு முடிவு எடுத்தார்கள். கூலி வேலைக்காரர்களின் பிள்ளைகள் நான்கு பேரைப் பணம் வாங்காமல் சேர்த்துக்கொள்வது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, சரிப்பட்டால் தொடர்ந்து வைத்துக்கொள்வது. அப்படி வந்தவள் லெச்சுமி. ஐந்து வயது ஆகப்போகிறது. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பேத்துப்பாறையில் ஒரு தோட்டத்தில் கூலி வேலை. அம்மா மாரியாயி காலையில் வெள்ளனே கூட்டிவந்து விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். பள்ளிக்காகத்தான் இங்கே இருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்து ஆயா சொன்னாள். ஆடலூரில் இவர்களின் சொந்தக்காரர்கள் காபித் தோட்டத்தில் இருந்தார்கள். அங்கே வேலையும் வீடும் உண்டு. புருஷன் போகலாம் என்கிறான். மூன்று மாதம் போகட்டும், பிள்ளைக்கு இடம் நிலைக்கிறதா பார்ப்போம் என்று இவள் பிடித்து வைத்திருந்தாள்.

லெச்சுமி வகுப்பில் பேசவில்லை. எடைப் பலகைப் பெட்டியை எடுத்தாள். மறுநாளும் அதையே எடுத்தாள். அதற்கு மறுநாளும். ஒரு பிள்ளை ஒரே சாமானை எத்தனை நாள் எடுத்தாலும் அங்கே தடுக்க மாட்டார்கள். மிஸ் தூரத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். லெச்சுமி மூன்று அடுக்கு வைப்பாள். ஒரு பலகையை மட்டும் எதிலும் சேர்க்காமல் தனியாக வைப்பாள். துணியை அவிழ்த்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எல்லாவற்றையும் கலைத்துத் திரும்ப ஆரம்பிப்பாள்.

எனக்கு இது தெரியாது. நான் பட்டறையில் இருந்தேன்.

மூன்றாவது மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் டெய்சி மிஸ் குடையோடு பட்டறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். பெட்டியை என் மேஜையில் வைத்தார். கமிட்டிச் செயலாளர் நோட்டைப் பார்த்தாராம். நாற்பது நாளாக ஒரே பெட்டி, ஒரு பலகையை வகைப்படுத்த மறுக்கிறாள், பேச்சில்லை, இந்தப் பிள்ளை சரிப்படாது, இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றாராம். மிஸ் கருப்புப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதுல ஏதும் குறை இருக்கா?"

"இல்லங்க மிஸ்."

"யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பெட்டியை நான் சரிபாக்கல. உங்களை நம்பி வச்சேன்."

"மத்த பிள்ளைங்க சரியாத்தான வைக்கிறாங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு மழையில் போனார்.

அவர் கையில் எடுத்துப் பார்த்தும் ஏன் தெரியவில்லை என்று பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. நானும் எடுத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் கருப்புப் பலகை கனமாகத்தான் தெரிகிறது. கண் கையை ஏமாற்றிவிடுகிறது. அதற்காகத்தான் துணி.

அந்த வெள்ளிக்கிழமை லெச்சுமிக்குக் கடைசி நாள் என்று ஆயா சொன்னாள். வகுப்பில் ஒரு அலமாரிக் கதவு இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்யப் போனேன். ஒரு பையன் எடைப் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தான். கண்ணைக் கட்டியிருந்தான். ஆனால் தாடையைத் தூக்கி, மூக்கோரமாகக் கீழே பார்த்து, நிறம் பார்த்து வைத்துக்கொண்டிருந்தான். கடகடவென்று முடித்தான். நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தான். அடுத்து ஒரு பெண் பிள்ளை. அவளும் அதே மாதிரி. நான் மிஸ்ஸிடம் சொன்ன மத்த பிள்ளைகள் இவர்கள்தான்.

பிறகு லெச்சுமி எடுத்தாள். துணியைக் கண் மேல் வைத்து, ஓரத்தை விரலால் அமுக்கிவிட்டு, இறுக்கிக் கட்டினாள். நான் அவளுக்கு மூன்று அடி தூரத்தில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தேன். பைனை வைத்தாள். பலாவை வைத்தாள். ஈட்டி, ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு பலகை கைக்கு வந்தது. கை நின்றது. அதைப் பலாவோடு வைத்துப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஈட்டியோடு வைத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். தனியாக, பாயின் ஓரத்தில் வைத்தாள். துணியை அவிழ்த்தாள். அந்தப் பலகையைப் பார்த்தாள், கருப்பு. தன் உள்ளங்கையைப் பார்த்தாள். திரும்பக் கட்டிக்கொண்டாள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு தடவை செய்தாள். நான்கு தடவையும் அதே பலகை. எனக்கே எது என்று அடையாளம் தெரியாத பலகை.

கதவில் இரண்டு திருகுதான் போட்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். எதற்கென்று தெரியாமல் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தபோது அது அட்டை மாதிரி ஆகியிருந்தது. வகுப்புக்கு ஓடினேன். மாரியாயி வந்து பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டாள்.

மிஸ் தனியாக இருந்தார். சொன்னேன். அவர் எழுந்து பெட்டியைக் கொண்டுவந்தார். கைக்குட்டையால் தானே கண்ணைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஒன்றில் அவர் கையும் நின்றது. கைக்குட்டையை அவிழ்த்து, அந்தப் பலகையை என்னிடம் நீட்டினார். நான் உளியால் ஓரத்தைச் சுரண்டினேன். கருப்புக்கு அடியில் தேக்கு நிறம் தெரிந்தது.

மிஸ் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"நாப்பது நாள் அவளைப் பத்தி எழுதுனேன்" என்றார். "கட்டையைப் பத்தி ஒரு வரி எழுதல. விதியை உங்களுக்குச் சொன்னவ நான்."

என் வேலை போய்விடுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"அது அப்புறம். எங்கிட்ட சொல்லி என்ன ஆகும்? அவகிட்ட சொல்லுங்க."

மறுநாள் காலை இருவரும் பேத்துப்பாறைக்குப் போனோம். பெட்டியை நான் சுமந்தேன். மழை விட்டு மூடுபனி. தோட்டத்து வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும். அவர்கள் அதை லயம் என்பார்கள். வாசலில் சட்டி பானை கட்டி வைத்திருந்தது. மாரியாயியின் புருஷன் சாக்கு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை ஆடலூருக்குப் பயணம் என்றான். மிஸ்ஸைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பிள்ளை எதையாவது எடுத்துக்கொண்டு வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டான்.

இல்லை என்று நான் சொன்னேன். பெட்டியைத் திறந்து, சுரண்டிய பலகையைக் காட்டினேன். நான் செய்ததைச் சொன்னேன். உங்கள் பிள்ளை வைத்ததுதான் சரி, நாங்கள் எல்லாரும் தப்பு என்றேன்.

மாரியாயி பலகையை வாங்கினாள். ஓரத்தைத் தடவினாள். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, நான் அவளை அடிச்சேனே" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை ஒரு கட்டையைச் சேர்க்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் இடம் போகிறது என்று ஆயா மூலம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் காலையில் நடந்து வரும்போது சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள். கருப்பைக் கருப்போடு வைத்துவிடு, வைத்துவிட்டு வா, அவ்வளவுதான் என்று. பிள்ளை சரி என்று சொல்லவில்லை. அது கருப்பு இல்லம்மா என்றிருக்கிறாள். கண்ணுக்கு முன்னால் இருப்பதை இல்லை என்கிறதே என்று இவளுக்கு ஆத்திரம். அகப்பைக் காம்பால் அடித்திருக்கிறாள்.

"எங்க அடிச்சீங்க?" என்று மிஸ் கேட்டார்.

"கையிலதான் மிஸ். உள்ளங்கையில. வைக்க மாட்டேங்குற கை இதுதானன்னு."

மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு அவசரத்தில் நான்கு கை சாயம் பூசினேன். அது இந்த வீட்டு வாசல் வரை வந்து ஒரு பிள்ளையின் கையில் விழுந்திருந்தது. அடி வாங்கிக்கொண்டு மறுநாளும் வந்து, கண்ணை இறுக்கிக் கட்டி, அந்தப் பலகையைத் தனியாகத்தான் வைத்திருக்கிறாள்.

லெச்சுமி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மிஸ் எனக்குக் கண் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்தேன். பள்ளியில் பிள்ளையிடம் பேசும்போது அவர்கள் உயரத்துக்கு இறங்க வேண்டும். பிள்ளைகள் என்னை மர மாமா என்பார்கள்.

"பாப்பா, அது ஈட்டி இல்ல. தேக்கு. மாமாதான் சாயம் அடிச்சு வச்சேன். உன் கை சரி. மாமா பண்ணுனதுதான் தப்பு."

அவள் ஆச்சரியப்படவில்லை. பலகையை வாங்கி இன்னொரு தடவை அசைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"ஏன் மாமா?" என்றாள். அவள் பேசி நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"மரம் பத்தல. ஆறுக்குத்தான் இருந்துச்சு."

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஆறே வச்சிருக்கலாம்ல."

ஆறு வைத்திருக்கலாம். ஒரு குறையும் வந்திருக்காது. அடுக்கில் ஒன்று குறைவாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஏழு என்றால் ஏழு இருக்க வேண்டும் என்று எனக்குத்தான் இருந்தது. அந்த யோசனை சாயம் பூசிய அன்றும் வரவில்லை, அடுத்த நான்கு மாதமும் வரவில்லை. ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் வந்தது.

மிஸ் அன்றே அந்த நோட்டை எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனார். நாற்பது நாள் எழுதியதற்குக் கீழே, பிழை பொருளில், பிள்ளையிடம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே என்னையும் போடச் சொல்லியிருந்தார். போட்டிருந்தேன். செயலாளர் என்னை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னாராம். நிறுத்துவது என்றால் இரண்டு பேரையும் நிறுத்துங்கள், சரிபார்க்காதது நான் என்று மிஸ் சொன்னாராம். இது ஆயா சொல்லித் தெரியும். மிஸ் என்னிடம் சொல்லவில்லை.

சாக்கு மூட்டை பிரிக்கப்பட்டது. லெச்சுமி இரண்டு வருடம் படித்தாள். வந்த திங்கட்கிழமையே, தேக்குப் பலகை இல்லாத அந்தப் பெட்டியை எடுத்தாள். மூன்று அடுக்கு வைத்தாள். ஓரத்தில் எதுவும் இல்லை. துணியை அவிழ்த்துப் பார்த்தாள். பெட்டியைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வேறு சாமானை எடுத்தாள். பிறகு அந்தப் பெட்டி பக்கமே போகவில்லை. அங்கே அப்படித்தான். முடிந்தால் முடிந்தது. பிறகு மலைக்குக் கீழே எங்கேயோ அவள் அப்பாவுக்கு நிரந்தர வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். எங்கே என்று தெரியாது.

அதற்குப் பிறகு எந்தச் சாமானையும் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்க்காமல் வகுப்புக்குக் கொடுத்ததில்லை. பட்டறையில் துண்டைக் கண்ணில் கட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாட்ச்மேன் கேலி பண்ணுவான். பண்ணட்டும். எவ்வளவு நாள் பழகியும் என் கை அந்தப் பிள்ளையின் கை அளவுக்கு வரவில்லை.

புது டீச்சர் ஏழாவதைச் செய்து தரச் சொன்னாள். மரம் அவளே வாங்கித் தருகிறாளாம். கை நடுங்குகிறது அம்மா என்றேன். அது உண்மைதான். ஆனால் கை நடுங்காத காலத்தில், ஈட்டி மரம் பட்டறையில் கிடந்த காலத்திலும் நான் அதைச் செய்யவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை. அந்தப் பெட்டிக்கு ஆறுதான் கணக்கு.